பன்னிரண்டு பேருக்கு இரண்டு டிக்கெட்

சர்வீஸ் சார்ஜ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். விலை சொன்னால் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் எதற்கு ஒரு வால்? இந்தக் குணத்தால் கல்யாண மண்டபத்தில், கேஸ் ஏஜென்சியில், செருப்புக் கடையில் எல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தட்சணாமூர்த்தி நான் பேச ஆரம்பித்ததும் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார், தெரியாதவர் போல.

அதனால் 2006 செப்டம்பர் கடைசியில் மேஸ்திரியக்கா என் பிரவுசிங் சென்டருக்குள் வந்து அந்தச் சங்கதியைச் சொன்னபோது, அவரைவிட எனக்குத்தான் கோபம் அதிகமாக வந்தது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஷட்டர் கடை என்னுடையது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு எஸ்.டி.டி. போன். மேஸ்திரியக்கா உப்பளத்தில் பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு செட்டுக்குத் தலைவி. ஆட்களைத் திரட்டிக் கூட்டிப் போவது, உப்பு வார வைப்பது, கூடை எண்ணுவது, முதலாளியிடம் மல்லுக்கட்டிக் கூலி வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உப்புப் பாத்தியின் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிற குரல்.

கன்னியாகுமரிக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்க திண்டிவனத்தில் பலராமன் என்ற ஏஜெண்டிடம் போயிருக்கிறார். பலராமன் டிக்கெட் விலைக்கு மேல் ஆளுக்கு அறுபது ரூபாய் கேட்டிருக்கிறான்.

"ஒரு நாள் பூரா வெயில்ல நின்னு உப்பு வாரினா எங்க பொம்பளைங்களுக்கு அதாம்மா கூலி. அவன் ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு பேர் எழுதுறதுக்குக் கேக்குறான்" என்றார்.

பன்னிரண்டு அறுபது எழுநூற்று இருபது. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு அதை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அதெல்லாம் சரி, கன்னியாகுமரிக்கு எதற்கு என்று கேட்டேன். கடல் பார்ப்பதற்கு மரக்காணத்திலிருந்து யாராவது கன்னியாகுமரி போவார்களா? வாசலில் இறங்கி நடந்தால் கடல். மேஸ்திரியக்கா என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நம்ம கடல்ல சூரியன் ஏறத்தான் செய்யுது. அது ஏறுச்சுன்னா எங்களுக்கு வேலை. பொறந்ததுலேர்ந்து அதத்தான் பாக்குறோம். அங்க அது கடலுக்குள்ள எறங்குதாமே. அத ஒரு தபா எல்லாரும் நின்னு பாக்கணும்."

இரண்டு சீசனாக வாரம் ஐந்து, பத்து என்று சேர்த்திருந்தார்கள். ஐப்பசி பிறந்தால் மழை. பாத்தியெல்லாம் முழுகிப் போகும், தை வரை வேலை கிடையாது. மழை ஓய்கிற மார்கழி வாக்கில் போய்விட்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். சேர்த்த பணம் ரயில் டிக்கெட்டுக்கும், திரும்பி வர பஸ்ஸுக்கும், சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. பலராமனுக்கு அதில் இடம் இல்லை.

கம்ப்யூட்டரில் எடுத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பரீட்சை ரிசல்ட் பார்த்துக் கொடுப்பேன், ஜாதகம் பிரிண்ட் போடுவேன், துபாயில் இருப்பவர்களுக்கு மெயில் அடித்துக் கொடுப்பேன். ரயில் டிக்கெட் எடுத்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்கிற ஆள் நான் இல்லையே. பத்து நாள் கொடுங்கள் என்றேன்.

அந்தப் பத்து நாள் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வாய்க்கவில்லை. மத்தியானம் கடையில் ஈ ஆடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். டிக்கெட் விற்கிற சைட்டுகள் மூன்று கிடைத்தன. பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மூன்றாவது ரயில் டிக்கெட் விற்றுக்கொண்டு முதல் பக்கத்தில் விமானப் படம் போட்டிருந்தது, அதனால் அதற்கு விமானம் என்று பெயர்.

மஞ்சள் நேர்மையான கொள்ளைக்காரன். ஆளுக்கு முப்பது ரூபாய் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டான். பன்னிரண்டு பேருக்கு முந்நூற்று அறுபது. பலராமனுக்குப் பாதி. விமானத்தில் 'சர்வீஸ் சார்ஜ் கிடையாது' என்று எழுத்து மின்னி மின்னி மறைந்தது. எனக்கு அப்போதே சந்தேகம். சும்மா கொடுக்கிறேன் என்பவன் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடைசிப் பக்கம் வரை போனால்தான் மொத்தம் காட்டுவான், அதற்குப் பெயர்கள் வேண்டும். கைக்கு வந்தது தட்சணாமூர்த்தி. பன்னிரண்டு கட்டத்திலும் தட்சணாமூர்த்தி, ஆண், நாற்பத்திரண்டு என்று அடித்து உள்ளே போனேன். கடைசிப் பக்கத்தில் ஓரமாக, எறும்பு எழுத்தில், 'வசதிக் கட்டணம்' ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று உட்கார்ந்திருந்தது. யாருக்கு வசதி? பன்னிரண்டு தட்சணாமூர்த்திகளையும் அப்படியே அழித்துவிட்டு வெளியே வந்தேன்.

நீலத்தில்தான் விஷயம் இருந்தது. முதலில் எனக்கும் பிடிபடவில்லை. டிக்கெட்டுக்கு இருபத்தைந்து, பேங்க்குக்குப் பத்து என்று இருந்தது. பன்னிரண்டால் பெருக்கினால் நானூற்று இருபது, மஞ்சளைவிட மோசம் என்று கோடு போட்டு அடித்தும் விட்டேன். மறுநாள் சோறு வடிக்கும்போது பொறி தட்டியது. டிக்கெட்டுக்கு என்றுதானே போட்டிருக்கிறான், ஆளுக்கு என்று போடவில்லையே. நீலத்தில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை எழுதலாம். ஒருவர் போனாலும் முப்பத்தைந்து, ஆறு பேர் போனாலும் அதே முப்பத்தைந்து.

கஞ்சித் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். பன்னிரண்டு பேர், இரண்டு டிக்கெட், எழுபது ரூபாய். ஏழு பேராக இருந்தால் ஒரு ஆளுக்காக இரண்டாவது டிக்கெட் போட வேண்டியிருக்கும். பதிமூன்று என்றால் மூன்றாவது. பன்னிரண்டு என்பது கூடையில் தலைதட்டி நிரப்பியதுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. எழுநூற்று இருபது எங்கே, எழுபது எங்கே! அன்றைக்கு எதிர்ப்பட்டவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அடுத்த வாரம் மேஸ்திரியக்கா ஆட்களின் ஓட்டர் கார்டு ஜெராக்ஸ்களைக் கொண்டுவந்து கொடுத்தார். புதுமாதிரி டிக்கெட் இது, நாமே பேப்பரில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ரயிலில் போட்டோ உள்ள கார்டு காட்ட வேண்டும் என்று சொல்லி நான்தான் கேட்டிருந்தேன். அக்கா ஜெராக்ஸ்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினார்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

உப்பளத்தில் கூடை எண்ணுகிறவர்கள் முதல் கூடையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆளை எண்ணினாலும் அக்காவுக்கு அதே பழக்கம். பன்னிரண்டில் முடிந்தது. சரியாக இருக்கிறது என்று எடுத்து வைத்தேன். அங்கேதான் நான் முட்டாளானேன். பின்னால் சொல்கிறேன்.

வயசு எழுதும்போது சின்னப்பாப்பா என்பவரால் ஒரு கலாட்டா. செட்டில் மூத்தவர் அவர். என் கல்யாணத்தின்போதே தனக்கு நாற்பத்தைந்து என்று சொன்னவர், இன்றைக்கும் நாற்பத்தைந்துதான் என்று கடை வாசலில் நின்று சாதித்தார். கார்டில் அறுபத்திரண்டு இருக்கிறதே என்றதற்கு, அதை எழுதியவனுக்குக் கண் தெரியாது என்றார். அறுபது தாண்டிய பெண்களுக்கு டிக்கெட்டில் தள்ளுபடி உண்டு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்படியென்றால் அறுபத்திரண்டுதான், எழுதிக்கொள் என்றுவிட்டார்.

டிசம்பர் பதினாறாம் தேதி புறப்பாடு. அறுபது நாளுக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு, புக்கிங் திறக்கும். சபரிமலை சீசன், தெற்கே போகிற ரயிலில் நிமிஷத்தில் இடம் தீர்ந்துவிடும் என்று பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். எங்கள் வீட்டில் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. பேங்க்காரன் கெஞ்சியதால் தட்சணாமூர்த்தி வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்தால் வீடு ஏலத்துக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர் அவர். ஆறு நாள் பேசி, ஏழாம் நாள் பேசாமல் இருந்து, கார்டை வாங்கினேன். குங்குமம் ஒட்டியிருந்தது.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே பன்னிரண்டு பேரும் மேஸ்திரியக்காவும் கடைக்கு வந்துவிட்டார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்ததுபோல். உள்ளே நாலு பேர், மற்றவர்கள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு வெளியே. என் இன்டர்நெட் போன் லைனில் ஓடுவது. யாராவது போன் அடித்தால் அறுந்துவிடும். அதனால் எனக்குப் போன் அடிக்கக்கூடிய எல்லாரிடமும் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன், எட்டிலிருந்து எட்டரை வரை எவர் செத்தாலும் சொல்ல வேண்டாம் என்று.

ஏழு ஐம்பத்தெட்டு. லாகின் ஆகிக் காத்திருந்தேன். ஐம்பத்தொன்பது. சின்னப்பாப்பா கண்ணை மூடிக்கொண்டார். எட்டு.

பக்கம் திறக்கவில்லை. கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழே, நீலம் மெதுவாக வழிந்தது. எனக்குப் பல் நறநறத்தது. திறந்ததும் அடித்தேன் பாருங்கள், என் விரலா அது என்று எனக்கே தெரியவில்லை. முதல் ஆறு பெயர். கார்டு நம்பர். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. 'கன்ஃபர்ம்ட்' என்று வந்ததும் நான் போட்ட கத்தலில் எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். இரண்டாவது ஆறு. மறுபடி சக்கரம். எட்டு ஒன்பதுக்கு அதுவும் கன்ஃபர்ம்ட். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ என் கன்னத்தைக் கிள்ளினார்கள். பிரிண்டர் தாளைத் துப்பியது.

நான் எழுந்து நின்று, சினிமாப் பரிசு கொடுப்பவள் போல, பெயரையும் பெர்த் நம்பரையும் வாசித்தேன். பாஞ்சாலை, இருபத்தொன்று. முத்தம்மாள், இருபத்திரண்டு. ஒவ்வொருத்தரும் தன் நம்பரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டார்கள். சின்னப்பாப்பாவுக்கு லோயர் பெர்த். பன்னிரண்டும் வாசித்தாகிவிட்டது. பன்னிரண்டு பேரும் வாயில் நம்பரோடு நிற்கிறார்கள். மேஸ்திரியக்கா எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, இதுல உங்க பேரு எது?" என்றேன்.

"என் பேரு எதுக்கு? நான்தானே கூட்டிக்கினு போறேன்."

"அதுக்கு?"

"அளத்துக்கு வேன்ல போறப்ப மேஸ்திரிக்கு ஏது டிக்கெட்? பன்னெண்டு ஆளு கொண்டாந்தா மேஸ்திரி முன்னாடி குந்திக்கினு வருவா. ஆள் கணக்குல மேஸ்திரி வர மாட்டா."

ஊரில் எல்லாருக்கும் அவர் மேஸ்திரி. முதலாளிக்கும் மேஸ்திரி, கண்டக்டருக்கும் மேஸ்திரி. பதினோரு வருஷமாகப் பழகுகிறேன், அவர் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு ஜெராக்ஸில் ஒன்று அவருடையது என்று நினைத்துவிட்டேன். அந்தப் படத்தில் யார் மூஞ்சி தெரிகிறது, எல்லாம் கறுப்புப் பூசணிக்காய். பன்னிரண்டு என்ற நம்பர் என் கணக்குக்கு அவ்வளவு அழகாக உட்கார்ந்ததால் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

நான் கத்தினேன். ரயில் என்ன அளத்து வேனா என்று கேட்டேன். இவ்வளவு பெரிய மனுஷிக்கு இது தெரியாதா என்று கேட்டேன். கத்திக்கொண்டே மறுபடி உட்கார்ந்து அடித்தேன். பெயர் கேட்டபோது அவர் மெல்லிய குரலில் சொன்னார். விருத்தாம்பாள். அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை. எட்டு இருபதுக்குப் பக்கம் திறந்தது. பெர்த் இல்லை, வெயிட்டிங் லிஸ்ட் என்று காட்டியது. மஞ்சளில் பார்த்தேன், விமானத்தில் பார்த்தேன். எந்தக் கடைக்குப் போனாலும் அதே ரயில், அதே பெர்த். எல்லாரும் ஒரே பாத்தியிலிருந்துதான் வாருகிறார்கள்.

கத்தி முடித்தபின் எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க போய்ட்டு வாங்கடி. நான் எங்க போகப்போறேன்" என்றார் மேஸ்திரியக்கா. சிரித்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் என் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை.

விடுவேனா நான். பிரிண்ட் டிக்கெட்டில் வெயிட்டிங் லிஸ்ட் எடுக்க முடியாது, கவுண்டரில் எடுக்கலாம். ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். பத்து மணிக்குக் கவுண்டரில் நின்றோம். சர்வீஸ் சார்ஜே இல்லாத இடம் அது. இரண்டு பேருக்குப் போய்வர பஸ் செலவு, கடைக்கு அரை நாள் லீவு எல்லாம் சேர்த்தால் என் நோட்டில் உள்ள எல்லாக் கடையையும்விட அதுதான் விலை அதிகம். கையில் வந்த அட்டையில் வெயிட்டிங் லிஸ்ட் பத்தொன்பது என்று இருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பத்தொன்பது என் தலைக்குள் குடியேறியது. தினமும் காலையில் சாமி கும்பிடுவதற்கு முன் அந்த டிக்கெட் நம்பரை அடித்துப் பார்ப்பேன். யாராவது பயணத்தை நிறுத்தினால்தான் நம்பர் குறையும். முன்பின் தெரியாத மனிதர்கள் பயணத்தை நிறுத்த வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்ட காலம் அது. யாருக்கும் கெட்டது நடக்க வேண்டாம், லீவு கிடைக்காமல் போனால் போதும் என்று சேர்த்து வேண்டிக்கொள்வேன்.

தீபாவளிக்குப் பதினாறு. மழை பிடித்துக்கொண்டது, பாத்திக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர். பதினாறு அப்படியே இரண்டு வாரம் நகரவில்லை. கார்த்திகை பிறந்ததும் பன்னிரண்டு, அப்புறம் ஒன்பது. பஸ்ஸில் போகிற கண்டக்டர் ஜன்னல் வழியாக மேஸ்திரி நம்பர் என்ன என்று கேட்பார், நான் விரலைக் காட்டுவேன். டீக்கடையில் பந்தயம் வைத்தார்கள். தட்சணாமூர்த்திகூட ஆபீஸிலிருந்து போன் போட்டுக் கேட்டார். மேஸ்திரியக்கா மட்டும் கேட்கவில்லை. கடை முன்னால் நடந்து போவார், ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டார். நான்தான் பின்னால் ஓடிப் போய்ச் சொல்வேன். கிடைத்தால் பார்க்கலாம் என்பார்.

பயணத்துக்கு இரண்டு நாளுக்கு முன் மூன்று. முதல் நாள் காலை, ஒன்று.

அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்கு மத்தியானம் பாஞ்சாலை தனியாக வந்தாள். அவள் டிக்கெட்டை ரத்து செய்தால் அந்த இடம் அக்காவுக்குப் போகுமா என்று கேட்டாள். போகும், வரிசையில் முதல் ஆள் அவர்தான். இதை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அரை மணி கழித்து முத்தம்மாள் அதே கேள்வியோடு வந்தாள். நாலு மணிக்குச் சின்னப்பாப்பா. தனக்கு அறுபத்திரண்டு வயதாகிவிட்டது, முட்டி வலி, பயணம் ஒத்துக்கொள்ளாது என்று நடித்துக் காட்டினார். அழுகை வந்தது எனக்கு. மூன்று பேரும் வந்து கேட்டதை எப்படியோ மோப்பம் பிடித்து மேஸ்திரியக்கா வந்து நின்றார்.

"பன்னெண்டு பேரக் கூட்டிக்கினு போறேன்னு சொன்னவ நானு. ஒருத்திய உட்டுட்டு அந்த எடத்துல நான் படுத்துக்கினு போனா நான் என்னாடி மேஸ்திரி? வைஜெயந்தி, நீ ரத்து பண்ணினியோ, உன் கடை வாசல மிதிக்க மாட்டேன்."

பதினாறாம் தேதி மாலை நாலு மணிக்கு வேன் பேசியிருந்தோம். விழுப்புரத்தில் எட்டு மணி வாக்கில் ரயில். கடைசி நேரத்தில் காலியாகும் இடங்களைப் பிரித்துக் கொடுத்துப் பெயர்ப்பட்டியல் போடுவது மத்தியானத்துக்கு மேல்தான். மூன்று மணிக்கு அதைப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன், கரண்டு போய்விட்டது. மூன்றரை வரை வரவில்லை. மின்சார ஆபீஸுக்குப் போன் போட்டுத் திட்டினேன், திட்டினால் வருவதா அது.

பிரிண்ட் எடுத்த தாளை டி.டி.ஆர். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் சண்டை போட ஆள் வேண்டுமே என்று நானும் வேனில் ஏறினேன். மேஸ்திரியக்கா முன் ஸீட்டில், டிரைவர் பக்கத்தில். பன்னிரண்டு பேரிடமும் பை இருந்தது. அவர் மடியில் ஒன்றும் இல்லை, வழியனுப்ப வருகிறவர் போல. நான் வற்புறுத்தியதால் அந்த அட்டையையும் ஓட்டர் கார்டையும் மட்டும் சுருக்குப்பையில் வைத்திருந்தார்.

விழுப்புரம் ஸ்டேஷனில் வேன் நின்றதும் நான் யாரையும் பார்க்காமல் ஓடினேன். பிளாட்பாரத்தில் போர்டில் நீளமாகப் பட்டியல் ஒட்டியிருந்தது. மங்கலான எழுத்து. இருமுடிப் பைகளோடு ஐயப்ப சாமிகள் சுற்றி நின்றார்கள். சாமி, வழி விடுங்க சாமி என்று இடித்துக்கொண்டு உள்ளே போய் விரலை வைத்துத் தேடினேன். எஸ் ஐந்து பெட்டியில் இல்லை, எஸ் ஆறில் நம்முடைய பன்னிரண்டு பேர் வரிசையாக இருக்கிறார்கள், அவர் இல்லை. எஸ் ஏழில் இல்லை. எஸ் ஒன்பதில், கிட்டத்தட்ட கடைசியில், ஆங்கிலத்தில் முழுப் பெயராக இருந்தது. விருத்தாம்பாள், பெண், ஐம்பத்திரண்டு, பெர்த் அறுபத்தேழு.

ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தேன். பிறகு அங்கிருந்தே, மேஸ்திரி என்று கூப்பிடாமல், பெயர் சொல்லிக் கத்தினேன். "விருத்தாம்பாளக்கா! வந்துடுச்சு!"

செட்டில் பாதிப் பேர் யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியாது. தெரிந்ததும் பிளாட்பாரம் கிழிந்தது. சின்னப்பாப்பா முட்டி வலியோடு குதித்தார். ஐயப்ப சாமிகள்கூடச் சிரித்தார்கள். மேஸ்திரியக்கா போர்டுக்கு வந்து, படிக்கத் தெரியாவிட்டாலும், நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் சட்டென்று தன் வெறுங்கையைப் பார்த்து, மாத்துப் புடவைகூட எடுத்து வரவில்லையே என்றார். பாஞ்சாலை தன் பையைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாள். முத்தம்மாளும் எடுத்தாள். ஒருத்திக்கொருத்தி சொல்லாமல் ஏழு பேர் அவருக்குப் புடவை எடுத்து வைத்திருந்தார்கள்.

ரயில் வருகிறது என்று மைக்கில் சொன்னார்கள். ஏறுவதற்கு முன் ஆள் எண்ண வேண்டுமே. வரிசையாக நிற்க வைத்தார். எப்போதும் எதிரே நின்று விரல் நீட்டி எண்ணுகிறவர், வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் தன் நெஞ்சில் வைத்து "லாபம்" என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களை எண்ணினார். ரெண்டு, மூணு, நாலு. சின்னப்பாப்பா பதிமூன்றாவது ஆள்.

டி.டி.ஆர். தாளைப் பார்த்து, கார்டைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ரயில் நகர்ந்தபோது எஸ் ஒன்பதின் ஜன்னலில் அவர் மட்டும் இல்லை, எஸ் ஆறிலிருந்து வந்து இன்னும் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு கையாட்டினார்கள்.

மறுநாள் மாலை ஆறரை மணிக்குக் கடைப் போன் அடித்தது. ஒரு ரூபாய் போன், காற்று இரைச்சல், பின்னால் பெண்கள் சத்தம். பாத்தியின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரலில், எறங்கிடுச்சு வைஜெயந்தி, முழுசா எறங்கிடுச்சு என்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அது ஏறுறப்ப நாங்க என்னைக்கும் நின்னு பாத்ததில்ல, குனிஞ்சிடுவோம். இன்னைக்கு எறங்குற வரைக்கும் பதிமூணு பேரும் சும்மாவே நின்னோம்மா" என்றார்.